தோட்டம் படிக்கப் போறானாம்!

கோயமுத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒன்று பம்ப் செட் கம்பெனி கூரையில் விழும். இல்லாவிட்டால் இன்ஜினீயரிங் காலேஜ் வாசலில் விழும். இரண்டிலும் விழவில்லையென்றால் கல் லாலி ரோடு பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அங்கேதான் ஊருக்குள்ளேயே ஏக்கர் ஏக்கராகப் பச்சை.

லாலி என்றதும் யாரோ தாலாட்டுப் பாடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்தர் லாலி, 1906-லிருந்து 1911 வரை மதராஸ் கவர்னராக இருந்த துரை. சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் ஆரம்பித்த விவசாயப் பள்ளிக்கூடம், 1906-ல் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கோவைக்குக் குடிவந்தது. (சைதாப்பேட்டையிலேயே இருந்திருந்தால் இந்நேரம் அந்த இடத்தில் பதினாலு மாடி ஃப்ளாட் வந்திருக்கும். பிழைத்தது!) 1971-ல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. அடுத்த வருஷம், 1972-ல், தோட்டக்கலைக்கென்று தனியாக ஒரு பிரிவு.

லாலி ரோடு சிக்னலில் நின்று பார்த்தால் கோயமுத்தூர்க் குடும்பங்களின் மொத்தப் பிரச்னையும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் தடாகம் ரோடு. அதில் போனால் ஜி.சி.டி. இன்ஜினீயரிங் காலேஜ். இன்னொரு பக்கம் மருதமலை ரோடு. அதில் விவசாய யுனிவர்சிட்டி. அப்பாக்கள் இந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சில பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகர மாட்டேன் என்கிறது.

அப்படி நகராமல் நின்ற வண்டிகளில் ஒன்று, என் அக்கா வீட்டு வண்டி.

மச்சானுக்கு ஆனைமலைப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. நான் பிழைப்பைத் தேடி மெட்ராஸ் போய், குரோம்பேட்டையில் குடித்தனம் நடத்தும் ஆபீஸ் ஆசாமி. பையன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் மச்சானிடமிருந்து போன்.

"ஏனுங் மாப்ளே, உங்க மருமகன் தோட்டம் படிக்கப் போறானாமுங்க!"

'ஹார்ட்டிகல்ச்சர்' என்பதற்கு மச்சான் செய்த மொழிபெயர்ப்பு அது. 'பையன் சாமியாராப் போறானாம்' என்று சொல்கிற அதே குரல்.

"எங்க ஐயன் ஒண்ணாங் கிளாசு கூடத் தாண்டாமப் பண்ணுன பண்ணையமுங்க. இதுக்குப் போயி நாலு வருசம், ஆஸ்டலு, பீசு! ஒரு எட்டு வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிப் போட்டுப் போங்க."

'நல்ல வார்த்தை' என்றால் நம்ம ஊரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று பொருள். சேரன் எக்ஸ்பிரஸைப் பிடித்தேன்.

பையன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, "மாமா, ஊட்டுக்கு நாளைக்குப் போலாம். இன்னிக்கு முழுக்க என்கூடச் சுத்துங்க. அப்புறம் நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றான். பதினேழு வயசில் பேரம் பேசத் தெரிந்திருக்கிறது. கொங்கு ரத்தம்!

* * *

யுனிவர்சிட்டி தாவரவியல் பூங்காவில் அவனுக்குத் தெரிந்த சீனியர் ஒருவர் காத்திருந்தார். மூன்றாம் வருஷம். செருப்பில் மண், சட்டைப் பையில் பேனாவோடு ஒரு கவாத்துக் கத்திரி. "அக்ரிக்கும் ஹார்ட்டிக்கும் என்ன தம்பி வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"சிம்பிள் ஸார். நீங்க கல்யாண வீட்டுல பந்தியில உக்காருறீங்க. சோறும் பருப்பும் அக்ரி டிபார்ட்மென்ட். மிச்சம் பூரா நாங்க. பொரியல், கூட்டு, சாம்பாருல தக்காளி, வெங்காயம், மஞ்சத்தூள், பாயசத்துல ஏலக்காய், முந்திரி, கடைசியா வாழைப்பழம், வெத்தலை, பாக்கு. மணமக்கள் கழுத்துல மாலை. அட, நீங்க சாப்புடற இலையே எங்களுதுதானுங்க!"

பழம், காய்கறி, பூ, வாசனைப் பொருள், தேங்காய்-தேயிலை-காப்பி மாதிரியான தோட்டப்பயிர், மூலிகை என்று எல்லாவற்றையும் எட்டு செமஸ்டரில் பிரித்து மேய்கிறார்கள். மண்ணும் பூச்சியும் நோயும் பொருளாதாரமும் கூடவே உண்டு. கடைசி வருஷத்தில் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, விவசாயிகளோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். பேப்பரில் அடிக்கடி பார்த்திருப்பீர்களே... 'விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்முறை விளக்கம்' என்று ஒரு போட்டோ. நாலு மாணவிகள் ஒரு வாளியைச் சுற்றி நிற்பார்கள், ஒரு தாத்தா வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். அது இதுதான். (விளக்கம் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது தாத்தாவைப் பொறுத்தது.)

"மொதல்ல இந்த நம்பர் பிளேட்டைப் படிக்கக் கத்துக்கோணுமுங்க" என்றார் சீனியர். வண்டிக்கு டி.என். 37, டி.என். 38 என்று இருப்பதுபோல இங்கே பயிர் ரகத்துக்கும் ஊர்ப் பெயர் உண்டு. 'கோ' என்றால் கோயமுத்தூர். 'பி.கே.எம்.' என்றால் பெரியகுளம். 'பி.எஸ்.ஆர்.' என்றால் பவானிசாகர் - அங்கேதான் மஞ்சள் ரகங்கள். 'ஏ.எல்.ஆர்.' என்றால் ஆழியார் - தென்னை.

இந்த நம்பர் பிளேட்டுகளில் உலகம் சுற்றியது ஒன்று உண்டு. பி.கே.எம்.1 முருங்கை. பழைய முருங்கைக்குக் கிளையை வெட்டி நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது விதை போட்டு ஆறு மாசத்திலேயே காய்க்கிற சாதி. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற செடி முருங்கைக் காடுகளுக்கு வழி திறந்துவிட்டது இந்த மாதிரி ரகம்தான். ஆப்பிரிக்கா வரைக்கும் போய்விட்டது. பெரியகுளத்து ஆசாமிகள் செய்த வேலை. முருங்கைக்காயை வைத்து நாம் சினிமா ஜோக் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் வேறு வேலை பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது பப்பாளி வரிசை. பழத்துக்கு ஒன்று, காயைக் கீறிப் பால் எடுப்பதற்கு ஒன்று. கோ 2, கோ 5 எல்லாம் பால் கறக்கிற ரகங்கள். அந்தப் பாலிலிருந்துதான் மருந்துக்கும் இறைச்சியை மென்மையாக்கவும் பயன்படுகிற 'பப்பெயின்' எடுக்கிறார்கள். பப்பாளியில் சில ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பூக்கிற வரைக்கும் எது எதுவென்று தெரியாது. பூத்ததும் இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்ச ஆண்களை வெட்டிவிட வேண்டுமாம். கேட்டதும் எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. வேண்டாம், விட்டுவிடுவோம்.

பக்கத்திலேயே 1912-ல் ஆரம்பித்த கரும்பு இனப்பெருக்க நிலையம். நம்ம ஊர் நாட்டுப் புல் இனம் ஒன்றையும் சாறுள்ள கரும்பையும் கலந்து 1918-ல் 'கோ 205' என்று ஒன்றை வெளியே விட்டார்கள். வட இந்தியக் கரும்புக் காட்டின் தலையெழுத்தையே மாற்றிய ஆரம்பம் அது. கரும்பு தோட்டக்கலையில் சேராது. ஆனால் அங்கே 1934-லிருந்து 1939 வரை வேலை பார்த்த தலச்சேரிக்காரர் ஜானகி அம்மாள் கதை இதில் சேரும். அந்த அம்மாள் இங்கிலாந்து போய், ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொஸைட்டியின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். இன்றைக்கும் அங்கே ஒரு மக்னோலியாவுக்கு ஜானகி அம்மாள் என்று பெயர். நம்மில் எத்தனை பேர் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி எங்கேயாவது இருக்கிறது?

* * *

மத்தியானம் தொண்டாமுத்தூர் டவுன் பஸ். மேற்கே மலை வரவர, காற்றில் சிறுவாணிக் குளிர். இரண்டு பக்கமும் பாக்கு, வாழை, சின்ன வெங்காயம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெட்ராஸில் 'தோட்டம்' என்றால் மொட்டை மாடியில் நாலு தொட்டி, ஒரு துளசி. கொங்கு நாட்டில் அர்த்தமே வேறு. ஆறும் வாய்க்காலும் பாய்ந்தால் வயல். மழையை நம்பி விதைத்தால் காடு. கிணறு வெட்டித் தண்ணீர் இறைத்தால்தான் தோட்டம். பாறையை உடைத்து எண்பது அடி, நூறு அடி கிணறு வெட்டிய பாட்டன்மார்களின் முதுகு வலிக்குப் பெயர் தோட்டம். அதனால்தான் மச்சான் 'தோட்டம் படிக்கப் போறான்' என்றபோது அதில் கேலி கொஞ்சமும், கவலை நிறையவும் இருந்தது. தோட்டத்தில் எத்தனை பணம் போகும், எத்தனை திரும்பும் என்று தெரிந்த ஆள் அவர்.

பையன் ஒரு பப்பாளித் தோட்டத்துக்குள் கூட்டிப்போனான். தோட்டத்துக்காரருக்கு அறுபது வயசிருக்கும். "வாங், வாங்" என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். பேச்சு 2008-க்குப் போயிற்று.

அந்த வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம்தான் இந்தியாவிலேயே முதலில் பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். எந்தக் கப்பலில், எந்தப் பழத்தில் டிக்கெட் இல்லாமல் வந்ததோ! காய், இலை, தண்டு எல்லாம் மாவு தூவினாற்போல் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சிவிடும். பப்பாளியில் ஆரம்பித்து மல்பெரிக்குப் போயிற்று. பட்டுப்புழு வளர்த்தவர்கள் தலையில் துண்டு. பிறகு மரவள்ளி. ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவிற்று. மருந்து அடித்தால் அதன் உடம்பு மேலே இருக்கிற மெழுகு மாவு மருந்தை உள்ளே விடாது. மறுபடி அடி, மறுபடி வரும்.

"கடை மருந்து பூரா அடிச்சுப் பார்த்தமுங்க. பூச்சி சாகுல, நாங்கதான் வாந்தி எடுத்தம்" என்றார் பெரியவர். "தோட்டத்தோட வெட்டி நெருப்பு வெச்சவங்க இருக்காங்க."

2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தார்கள். குளவி என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, எள்ளு முனை. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டை பொரிந்து வருகிற புழு, பூச்சியை உள்ளேயிருந்தே தின்று காலி பண்ணிவிடும். பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் தருவித்துக் கொடுக்க, கோவை யுனிவர்சிட்டிக்காரர்கள் அதைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாக விட்டார்கள். சில மாசங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று.

"இவங்க குடுத்தது ஒரு சின்னக் குப்பிங்க. உள்ள என்ன இருக்குதுன்னே கண்ணுக்குத் தெரியுல. எங்கூட்டுல சிரிச்சா. 'காத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?'ன்னு" என்றார் பெரியவர்.

நான் பையனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பப்பாளி இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

சரி, கதையெல்லாம் இருக்கட்டும். மாசம் பிறந்தால் சம்பளம்? ஆபீஸ்காரன் ஆயிற்றே, அந்தக் கேள்வியை விட முடியுமா?

சாயங்காலம் டவுனில் காப்பி. (கோயமுத்தூர் வந்து அன்னபூர்ணாவில் உட்காராமல் போனால் ஊர் தெய்வம் கோபித்துக்கொள்ளும்.) இந்தப் படிப்பை முடித்த மூன்று பேரை சீனியர் பிடித்துவந்திருந்தார்.

முதலாமவர் அரசாங்கம். 1979-ல் விவசாயத்திலிருந்து தோட்டக்கலைக்குத் தனித் துறை பிரித்தார்கள். டி.என்.பி.எஸ்.ஸி. எழுதித் தோட்டக்கலை அலுவலர் ஆகலாம். பிறகு வட்டாரத்துக்கு உதவி இயக்குநர் என்று மேலே போகலாம். "வேலை எப்படி?" என்றேன். "காலையில சொட்டுநீர் மானியம். மத்தியானம் நாத்து வந்துச்சா, நாத்து வந்துச்சான்னு போன். மழையோ காத்தோ வந்தா வாழை சாய்ஞ்ச கணக்கு. ஆனா ரோட்டுல போனா நாலு பேரு கையெடுத்துக் கும்பிடறாங்க" என்றார். ஒரே சங்கடம், பரீட்சை எப்போது வரும், எத்தனை இடம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவரே மூன்று வருஷம் காத்திருந்தவர்.

இரண்டாமவர் பாங்க். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் என்று ஒரு வேலை. ஐ.பி.பி.எஸ். வைக்கிற பரீட்சை. தோட்டக்கலை பட்டதாரியும் எழுதலாம். "டை கட்டின விவசாயி ஸார் நான். முதல் போஸ்டிங் ஒடிஸா. கடன் கேட்டு வந்தவர் சொன்னது எனக்குப் புரியலை, நான் சொன்னது அவருக்குப் புரியலை. கத்திரிச் செடியைக் காட்டினார், புரிஞ்சுது" என்றார்.

மூன்றாமவர் விதைக் கம்பெனி. பைக்கில் மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னபோது எனக்கு முதுகு வலித்தது. இவர்தான் கொஞ்சம் கசப்பாகப் பேசினார். "தம்பி, பொய் சொல்ல மாட்டேன். சாஃப்ட்வேர் பசங்க முதல் மாசம் வாங்கறதை நாம வாங்க நாலஞ்சு வருஷம் ஆகும். டார்கெட் உண்டு. மழை பேஞ்சா டார்கெட், பேயாட்டியும் டார்கெட். சும்மா சீட் கிடைச்சுதுன்னு வந்துராத. செடி பிடிச்சா மட்டும் வா."

பையன் தலையாட்டினான். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று.

மேற்படிப்பு இன்னொரு வழி. எம்.எஸ்ஸி.யில் பழம், காய்கறி, பூ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிஎச்.டி. வரை போய், விஞ்ஞானி பரீட்சை எழுதலாம். திருச்சியில் வாழைக்கு, பெங்களூரில் மொத்தத் தோட்டக்கலைக்கு என்று மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. வால்பாறை எஸ்டேட்டுகளில் துரைத்தனம் பண்ணுகிற வேலையும் உண்டு. அட்டை கடிக்கும், குளிரும், ஆனால் பங்களா கிடைக்கும்.

இது எதுவும் வேண்டாம் என்கிறவர்கள் சொந்தத் தொழில். குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்திரி நாற்று வளர்த்து விற்கிறார்கள். விவசாயி இப்போது விதையை வாங்கி மேட்டுப்பாத்தியில் தெளித்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது குறைந்துவிட்டது. நாற்றாகவே வாங்கிக்கொள்கிறார். திசு வளர்ப்பு வாழை ஒரு தொழில். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் புல்வெளி போட்டுக் கொடுப்பது ஒரு தொழில்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2012-13-லிருந்து இந்த நாட்டில் தானிய விளைச்சலைவிடக் காய், கனி, பூ, வாசனைப் பொருள் எல்லாம் சேர்ந்த விளைச்சல் எடையில் அதிகம். வாழை, மா, பப்பாளி மூன்றிலும் உலகத்தில் நாம்தான் நம்பர் ஒன். விளைகிற அளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ரேங்க் லிஸ்ட் என்பதால், பையன் மார்க்குக்கு சீட் நிச்சயம் என்றார்கள்.

* * *

மறுநாள் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். ஒரு காலத்தில் மரங்கள் குடை பிடித்த ரோடு அது. நாலு வழிச் சாலையாக்கியபோது மரங்கள் போய்விட்டன. பஸ் சீக்கிரம் போகிறது, வெயிலும் சீக்கிரம் உள்ளே வருகிறது.

வழியில் கிணத்துக்கடவு, தக்காளி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது மெட்ராஸில் நாங்கள் ரசத்தில் தக்காளியை நினைத்துக்கொண்டு புளியைக் கரைத்தோம். அதே தக்காளி வேறொரு மாசத்தில் பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். "இதுக்கும் ஒரு பேப்பர் இருக்குது மாமா. அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பம்" என்றான் பையன். பெயரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. விஷயம், தக்காளியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுவது.

பொள்ளாச்சியை நெருங்கினால் தென்னையைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்த பிறகு மிஞ்சுகிற தூளை முன்பெல்லாம் ரோட்டோரம் மலை மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். சனியன், நனைந்தால் நாறும், காய்ந்தால் கண்ணில் விழும். இப்போது அதையே கழுவி, அழுத்தி, செங்கல் மாதிரி கட்டியாக்கிக் கப்பல் ஏற்றுகிறார்கள். வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதில் அதில்தான் செடி வளர்க்கிறார்கள். நம்ம குப்பையில் அவர்கள் தக்காளி!

தோட்டத்தில் அக்கா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்தாள். மேலே நெய். சாப்பிட்டு முடிக்கிற வரை மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க மாப்ளே, அக்கட்டால போயிட்டு வரலாம்" என்றார்.

தோப்பின் மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்ற மரங்களைப் பார்த்ததும் ஒன்றும் தெரியாத எனக்கே என்னவோ போலிருந்தது. ஓலைகள் விறைப்பில்லாமல், விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைந்து தொங்கின. குலையில் நாலே காய்.

"கேரளா வாடலுங்க" என்றார் மச்சான். "பத்து மரத்துல ஆரம்பிச்சுது. இப்ப அறுபது. 2016-ல வெள்ளை ஈ வந்துது. ஓலையெல்லாம் கரி புடிச்ச மாதிரி ஆச்சு. அதையாச்சும் சமாளிச்சம். இதுக்கு மருந்தே கெடையாதுங்கறாங்க. ஒரு புரோக்கரு வாரம் ஒருக்கா வந்துட்டுப் போறான். சைட்டுப் போடறதுக்குக் கேக்கறாங்களாமா. இவன் இன்ஜினீயரிங் படிச்சு எங்காச்சும் போயிட்டான்னா, குடுத்துப் போட்டு நானும் உங்கக்காவும் டவுனுக்குப் போயிரலாம்னு இருந்தேன். மரமே போகுது... மரத்தைப் படிச்சு என்னங்க பண்றது?"

என்னிடம் கேட்ட கேள்விக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"மரம் போகுதுன்னுதாம்ப்பா படிக்கறேங்கறேன்."

எப்போது வந்து நின்றானோ தெரியவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினான். இந்த வாடல் கேரளத்தில் 1882-லேயே வெள்ளத்துக்குப் பிறகு கண்ணில் பட்ட நோய். கிருமி மரத்தின் சாற்றுக் குழாயில் இருக்கிறது. பூச்சிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோகின்றன. மருந்து கிடையாது என்பது நிஜம். ஆனால் முற்றிப்போன மரத்தை எடுத்துவிட்டால் பரவுவது குறையும். லேசாகப் பிடித்ததற்குத் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கொடுத்துக் காய்ப்பை நிறுத்தாமல் ஓட்டலாம். தாங்கக்கூடிய ரகங்கள் வந்திருக்கின்றன. நடுவில் ஜாதிக்காய், கோகோ வைத்தால் தென்னையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

"ஆழியார் ஆராய்ச்சி நிலையத்துல ரெண்டு வாட்டி போயிக் கேட்டுட்டு வந்தேன். அவங்க சொன்னதைத்தான் சொல்றேன். பாக்கியைப் படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றான்.

மச்சான் வெகு நேரம் பேசவில்லை. மேலே பார்த்தார். பிறகு, "இந்த அறுபதையும் எடுத்தா, ஊட்டுச் செலவுக்கு என்றா பண்றது?" என்றார்.

"ஒரே வாட்டியில வேண்டாம்ப்பா. வருசத்துக்குக் கொஞ்சமா."

'என்றா பண்றது' என்று கேட்டாரே, அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை அவர் பையனிடம் பாக்கெட் மணி பற்றிப் பேசியிருக்கிறார், பரீட்சை பற்றிப் பேசியிருக்கிறார். பண்ணையத்தைப் பற்றி யோசனை கேட்டது அன்றைக்குத்தான். 'நாலு நல்ல வார்த்தை' சொல்ல வந்த நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு இளநீர் குடித்தேன்.

பொழுதோட புரோக்கர் போன் பண்ணினார். மச்சான் திண்ணையில் உட்கார்ந்தபடி, "இப்பத்திக்கு இல்லீங்க... ஒரு நாலஞ்சு வருசம் போகட்டுமுங்க... ஆமாங்க, பையன் படிச்சுட்டு வரோணுமுங்க" என்று சொல்லி வைத்தார். உள்ளே அக்கா பாத்திரத்தைச் சத்தம் போடாமல் வைத்தாள்.

கவுன்சலிங்கில் கோவை கிடைக்கவில்லை, பெரியகுளம் கிடைத்தது. முருங்கையின் நம்பர் பிளேட் ஊர். காலையில் வெயில் ஏறுமுன்னே மண்வெட்டியோடு வயலில் நிற்க வேண்டியிருக்கிறதாம். கையில் கொப்புளம் என்று அம்மாவிடம் புலம்பினான். மச்சான் போனைப் பிடுங்கி, "எங்க ஐயனுக்கு வராத கொப்பளமாடா?" என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். மேற்கு மூலையில் முதல் தவணையாகப் பதினைந்து மரம் எடுத்தாயிற்று. அந்த இடத்தில் புதுக் கன்று. மற்ற இடத்தில் மரத்துக்கு நடுவே ஜாதிக்காய்.

சமீபத்தில் ஊரில் ஒரு சீர் வீட்டுக்கு மச்சானோடு போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர், காது கொஞ்சம் மந்தம், "பையன் என்ன படிக்கறானுங்க?" என்று விசாரித்தார்.

"ஹார்ட்டிகல்ச்சருங்க!" என்றார் மச்சான், கணீரென்று.

"ஓ... ஆர்ட்டு டாக்டருங்களா?"

மச்சான் ஒரு விநாடி யோசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு இலையில் விழுந்த ஒப்புட்டைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க!"